படம் ஏன் தடுக்கியது? நம் வீட்டுக்குள் வந்த வீடியோவின் கதை



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இப்போது அவருக்கே பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள். "டீச்சர், எங்க கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டர்ல போட்டு, வேண்டியதை மட்டும் வெட்டி, வேற டிஸ்க்ல ரைட் பண்ணேன். கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. டிவிடி பிளேயர்ல போட்டா விட்டு விட்டு ஓடுது. நீங்க இதெல்லாம் பண்ணுவீங்களே, என்ன காரணமா இருக்கும்?" என்று கேட்டிருந்தார்.

நான்கு வரியில் பதில் போட்டிருக்கலாம். தட்டச்சு செய்ய உட்கார்ந்ததும் 2007ஆம் ஆண்டும், சேலையூர் வீட்டுக் கூடமும், டிவி முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த என் அம்மாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். அதனால் பதில் நீண்டுவிட்டது. என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவள்தானே நான்! காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் வரலாறு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் தெருவுக்கு டிவி வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரே ஒரு வீட்டில்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் என்று தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் இருக்கும். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. அதன் பின்னாலேயே டெக் வந்தது. ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1976இல். எண்பதுகளில் அது தாம்பரம் வரை வந்துவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளைகள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டெக் வந்ததும் கல்யாண வீடியோவும் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வீடியோ எடுத்தது 1991இல், என் தங்கை கல்யாணத்துக்கு. குரோம்பேட்டையில் மண்டபம். தோளில் பெரிய கேமராவோடு ஒருவர். அவர் பின்னால் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். அந்த விளக்கின் சூட்டில் மணப்பெண்ணின் பொட்டே கரைந்தது.

அப்பா தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்த்தவர். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலிருந்து ஓடிய மீட்டர் கேஜ் மின்ரயில்களுக்கு அங்கேதான் பராமரிப்பு. அந்த 1991இல்தான் அவர் ஓய்வு பெற்றார். கல்யாண வீடியோவில் அப்பா முழுதாக வருவது ஒரே இடத்தில். சம்பந்தி வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க, இரண்டு கையிலும் தாம்பூலத் தட்டோடு மண்டபத்தின் உள்ளிருந்து வாசல்வரை நடப்பார். நான்கு நிமிடம் இருக்கும். நெஞ்சு நிமிர்ந்த, வேகமான நடை. தட்டில் இருக்கும் வெற்றிலைகூட அசையாது.

1995க்குப் பிறகு அப்பாவுக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கை, பிறகு இரண்டு கையும். கடைசியில் தம்ளரை அம்மாதான் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2001இல் போய்விட்டார். அவர் நடப்பதையும் கை நடுங்காமல் ஒரு பொருளை ஏந்துவதையும் காட்டும் ஒரே பதிவு அந்தக் கேசட்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கேசட்டை ஒழித்தது வட்டத் தகடு. ஒலிக்கான சிடி 1982லேயே வந்துவிட்டது. அதே சிடியில் படத்தையும் அடைக்கும் விசிடி 1993இல் வந்தது. மேற்கு நாடுகளில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும் இந்தியாவும்தான் அதைக் கொண்டாடின. ஒரு விசிடியில் 74 நிமிடம்தான் அடங்கும். நம் படங்களோ இரண்டரை மணி நேரம். அதனால் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று தகடு. இடைவேளையில் எழுந்து தகடு மாற்றுவது வீட்டில் கடைக்குட்டியின் வேலை.

1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அதே 12 சென்டிமீட்டர் வட்டம்தான். ஆனால் சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர் என்றால், டிவிடிக்கு 650. கோல நோட்டில் தடித்த பேனாவுக்குப் பதில் மெல்லிய பேனாவைக் கொடுத்தால் ஒரே பக்கத்தில் எத்தனை கோலம் போடலாம்? அதே கணக்குத்தான். ஒரு அடுக்குத் தகட்டில் 4.7 ஜிகாபைட், இரண்டு அடுக்கென்றால் 8.5.

நம் பக்கத்தில் இந்த வரலாறு ரயிலேறிப் போய்ப் பார்க்கிற வரலாறு. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் அமைந்த கடை வரிசை. அண்ணா சாலைப் பக்கம் போனால் ரிச்சி தெரு. பிளேயர், உதிரிப் பாகம், வெற்றுத் தகடு, ரைட்டர் எல்லாம் அங்கே. திருட்டு விசிடி எந்த அளவுக்குப் பெருகியது என்றால், 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தையே 2004இல் திருத்தி, அந்தத் தொழில் செய்வோரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு டிவி வந்தது. டிவி வந்த சில மாதத்தில் விலை மலிந்த டிவிடி பிளேயரும் வந்தது.

அடுத்து, இவ்வளவு பெரிய படம் இவ்வளவு சிறிய தகட்டில் எப்படி அடங்குகிறது என்று பார்ப்போம். கணக்கு வகுப்பு! யாரும் ஓடக் கூடாது.

நம் டிவிடிப் படத்தின் அளவு 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். நொடிக்கு 25 படம். ஒரு புள்ளிக்கு 12 பிட் என்று வைத்தாலும் நொடிக்கு ஏறக்குறைய 1,244 லட்சம் பிட், அதாவது 124 மெகாபிட். இப்படியே பதிந்தால் 4.7 ஜிகாபைட் தகட்டில் ஐந்து நிமிடப் படம்தான் அடங்கும். தாலி கட்டுவதற்குள் தகடு தீர்ந்துவிடும்.

ஆகவே சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தின் அடிப்படைக் கணக்கைச் செய்தவர்கள் யார் தெரியுமா? பெங்களூரில் பிறந்து படித்த நசீர் அகமது, அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ். இந்த ராவ் 1952இல் பட்டம் பெற்றது நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில். தாம்பரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்! 1972இல் இந்த யோசனைக்கு நிதி கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அகமது விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. விடாமல் செய்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு முக்கியமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைப்பதற்கு அந்தக் கணக்கு உதவுகிறது. விசிடி, டிவிடி, கைப்பேசியில் நீங்கள் எடுக்கும் போட்டோ எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். பரிசு பெற்றவர்களின் பெயரை மனப்பாடம் செய்கிறோம். இந்த மூன்று பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இதன்மேல் இன்னொரு சுருக்கத்தைச் சேர்த்தது எம்பெக் என்ற பன்னாட்டுக் குழு. 1988இல் கூடியது. விசிடியில் இருப்பது அவர்கள் வகுத்த எம்பெக்-1, டிவிடியில் இருப்பது எம்பெக்-2. அவர்கள் செய்ததை வருகைப் பதிவேட்டை வைத்துச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் நாற்பது பேரின் பெயரையும் எழுதுகிறோம். பிறகு தினமும் யார் வரவில்லை என்பதை மட்டும் குறிக்கிறோம். வீடியோவும் அப்படித்தான். ஒரு முழுப் படம், அதன்பின் வரும் படங்களில் மாறியது மட்டும். நம் டிவிடியில் அதிகபட்சம் 15 படத்துக்கு ஒரு முறை முழுப் படம் வந்தாக வேண்டும். அந்தப் பெயர் எழுதிய பக்கமே கிழிந்துபோனால்? பின்னால் வரும் குறிகளுக்கு அர்த்தம் இல்லை. அடுத்த முழுப் படம் வரும்வரை திரை சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும்.

சரி, 2007க்கு வருகிறேன்.

தங்கை தன் கல்யாணக் கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றினாள். மூன்று மணி நேரம். அது நன்றாகவே ஓடியது. ஆனால் அம்மாவுக்கு அவ்வளவு நேரம் உட்கார முடியாது. "உங்கப்பா வர்ற இடம் மட்டும் போதும்மா" என்றார். பள்ளியில் அப்போதுதான் எங்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சேமநல நிதியில் முன்பணம் வாங்கி வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். புதிதாகக் கற்றவளுக்கு வரும் துணிச்சல் எனக்கும் வந்தது. டிவிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அப்பா வருவது, தாலி கட்டுவது, அட்சதை, பந்தி என்று 55 நிமிடத்துக்கு வெட்டி ஒட்டினேன். தரம் என்று கேட்ட இடத்தில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். அம்மாவுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் எதற்கு? தகட்டின்மேல் அப்பா படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றையும் அச்சிட்டு ஒட்டினேன்.

கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. அம்மா வீட்டு பிளேயரில் போட்டேன். தாலி கட்டும் இடத்தில் நின்றது. அட்சதை போடும் இடத்தில் திக்கித் திக்கி ஓடியது. அதுகூடப் பரவாயில்லை. அப்பா தட்டோடு நடந்து வந்தார். அவர் உடம்பு நடுங்கியது. கை நடுங்கியது. தட்டு நடுங்கியது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்திடும்மா. நடுக்கம் இல்லாம ஒரு தடவை பாக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

எழுந்து போய் பிளேயரை அணைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறு, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு நான் அறிவியல் சோதனை சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். "டீச்சர், நீங்கதானே சொல்லுவீங்க, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு" என்றான். அப்படியே செய்தோம்.

முதலில், கடையில் வாங்கிய படத் தகடு ஒன்றை அதே பிளேயரில் போட்டோம். தடங்கல் இல்லை. ஆகவே பிளேயர் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, என் தகட்டை எதிர்வீட்டு பிளேயரில் போட்டோம். அங்கேயும் நின்றது. ஆனால் கவனித்தால் இரண்டு விதம். அட்சதையில் இரண்டு பிளேயரிலும் அதே இடத்தில் நிற்கிறது. மற்றபடி நிற்கும் இடம் பிளேயருக்குப் பிளேயர் மாறுகிறது. அதே இடம் என்றால் பதிந்திருக்கும் படத்தில் கோளாறு. இடம் மாறினால் தகட்டிலோ அதைப் படிப்பதிலோ கோளாறு. அப்படியென்றால் எங்களிடம் இரண்டு நோயும் இருக்கிறது.

மூன்றாவது, தகடு. கடைத் தகட்டில் குழிகளை அச்சில் அழுத்தி உருவாக்குகிறார்கள். நாம் எழுதும் தகட்டில் இருப்பது ஒரு சாயப் படலம். லேசர் அதைச் சுட்டுக் குறி வைக்கிறது. நான் மலிவான தகட்டில் 16 மடங்கு வேகத்தில் எழுதியிருந்தேன். அவசரமாக எழுதினால் எழுத்து கோணும் என்று உங்களுக்கெல்லாம் நோட்டில் சிவப்பு மையால் எழுதியவள் நான்! போதாக்குறைக்கு நடுமையம் தப்பி ஒட்டிய ஸ்டிக்கர். வேகமாகச் சுழலும்போது அது தகட்டைத் தள்ளாட வைக்கும். ஸ்டிக்கர் இல்லாத நல்ல தகட்டில் 4 மடங்கு வேகத்தில் எழுதினோம். இடம் மாறி மாறி நின்றது போய்விட்டது. அட்சதை மட்டும் அப்படியே திக்கியது.

நான்காவது, அளவு. இங்கேதான் என் தாராள மனம் மாட்டிக்கொண்டது. டிவிடி விதிப்படி படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் போகக் கூடாது. படம், ஒலி எல்லாம் சேர்ந்து 10.08. நான் படத்தை உச்சத்தில் வைத்ததால், ஆயிரம் அரிசி பறக்கும் அட்சதைக் காட்சியில் அது 9.5 வரை ஏறியிருந்தது. ஒலியைச் சுருக்காமல் விட்டிருந்தேன். நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு பக்கம். பெருக்கினால் 15,36,000, அதாவது ஒன்றரை மெகாபிட். இரண்டும் சேர்ந்தால் 11. பிளேயர் சாதாரண வேகத்தில் தகட்டிலிருந்து எடுக்க முடிவதே நொடிக்கு ஏறக்குறைய 11 மெகாபிட்தான்!

"அப்ப கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படிடா ஓடுது?" என்று கேட்டேன். அவன் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியைக் காட்டினான். 2003, 2004 பஞ்சத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது உடனே புரியும். குழாயில் தண்ணீர் ஒரே சீராகப் போக வேண்டும். லாரி முன்னே பின்னே வரும். நடுவில் தொட்டி இருந்தால்தான் சமாளிக்கலாம். பிளேயருக்குள் படத்துக்கான தொட்டி எம்பெக் விதிப்படி வெறும் 224 கிலோபைட். 9 மெகாபிட் வேகத்தில் அது ஐந்தில் ஒரு நொடிக்குத்தான் தாங்கும். தொட்டி வற்றினால் படம் நிற்கும். கம்ப்யூட்டருக்கோ பெரிய தொட்டி. தகட்டைப் பல மடங்கு வேகத்தில் சுழற்றி முன்னாலேயே நிரப்பி வைத்துக்கொள்ளும். அதனால்தான் கம்ப்யூட்டரில் ஓடுவது பிளேயரில் ஓடும் என்பதற்குச் சான்று ஆகாது.

படத்தை 6 மெகாபிட்டுக்கு இறக்கினோம். ஒலியைச் சுருக்கினோம். பழைய கேசட்டிலிருந்து வந்த படத்துக்கு அதற்குமேல் கொடுத்தாலும் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. மாற்றி முடிக்கக் கம்ப்யூட்டருக்கு அரை நாள் பிடித்தது. அட்சதை மழைபோல் விழுந்தது, தடையே இல்லை. அரிசிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

அப்பா இன்னும் நடுங்கிக்கொண்டே நடந்தார்.

பையன் யோசித்தான். நானும் யோசித்தேன். திரும்பத் திரும்ப அந்த நான்கு நிமிடத்தைப் போட்டுப் பார்த்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று தென்பட்டது. வாசலில் கட்டிய வாழை மரம் நடுங்கவில்லை. உட்கார்ந்து வாசிக்கும் நாதசுரக்காரரும் நடுங்கவில்லை. நடப்பவர்கள் மட்டுமே நடுங்குகிறார்கள். கேமரா திரும்பினால் மட்டும் மண்டபமே நடுங்குகிறது. "டேய், அசையாதது சரியா இருக்கு. அசையறதுதான் தப்பா இருக்கு" என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஃபீல்டு வரிசை, டீச்சர்!"

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1936இல் லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி தொடர்ந்து ஒளிபரப்பத் தொடங்கியபோதே, ஒரு படத்தை ஒரே மூச்சில் வரையாமல், முதலில் ஒன்றுவிட்டு ஒரு வரி, பிறகு விட்ட வரிகள் என்று இரண்டு பாதியாக வரையும் முறையும் இருந்தது. நொடிக்கு 25 படத்தை 50 பாதிகளாகக் காட்டினால் கண்ணுக்குச் சிமிட்டல் குறையும். அங்கே மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. நமக்கும் 50தான். அமெரிக்காவில் 60 சுற்று, அதனால் அங்கே ஏறக்குறைய 30 படம், 60 பாதி. நம் முறைக்கு பால் என்றும் அவர்கள் முறைக்கு என்டிஎஸ்சி என்றும் பெயர். மீட்டர் கேஜும் பிராட் கேஜும் மாதிரி இரண்டும் வேறு தண்டவாளம். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு நாம் அனுப்பும் தகடு அங்கே பல பிளேயர்களில் ஓடாமல் போவது இதனால்தான்.

இரண்டு பாதிகளும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. ஐம்பதில் ஒரு நொடி இடைவெளி. எந்தப் பாதி முந்தியது, மேல் வரிப் பாதியா, கீழ் வரிப் பாதியா என்பதைப் பதிவில் குறிக்க வேண்டும். ஸ்டுடியோத் தகட்டில் கீழ்ப் பாதி முதலில், அதைச் சரியாகக் குறித்தும் இருந்தார்கள். என் மென்பொருள் தானாக மேல்ப் பாதி முதலில் என்று வைத்திருந்தது. நான் பார்க்கவேயில்லை. விளைவு என்ன? 1, 2, 3, 4, 5, 6 என்று நடக்க வேண்டிய அப்பா 2, 1, 4, 3, 6, 5 என்று நடந்தார். ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே. நொடிக்கு 25 தடவை. கம்ப்யூட்டர்த் திரை இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டியதால் அங்கே இது தெரியவில்லை. பழைய குமிழ்த் திரை டிவி ஒவ்வொரு பாதியாகக் காட்டியதால் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஒரே ஒரு கட்டத்தை மாற்றினோம். திரும்பவும் அரை நாள். இந்தத் தடவை திரும்பத் திரும்ப எழுதும் தகட்டில் ஒத்திகை பார்த்த பிறகுதான் நல்ல தகட்டில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு நேராக அம்மா வீட்டுக்குப் போய் போட்டேன். அம்மா பாயில் உட்கார்ந்தார். மண்டபத்தின் உள்ளிருந்து அப்பா வந்தார். 58 வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கார் ஷெட்டுக்கு நேரமானால் எப்படி நடப்பாரோ அந்த நடை. அம்மா முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "தட்டு ஆடல பாரு" என்றார். பிறகு, "இன்னொரு தடவை போடு" என்றார். இரண்டாம் தடவை முடிந்ததும் எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தார்.

அதன்பிறகு அந்தத் தகட்டை அவராகவே போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டார். 2012வரை.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே டிவிடியில் ஆறு படம் என்று பிள்ளைகள் கொண்டு வருவார்களே, அதில் இருந்தது எம்பெக்-4 வகை. பிரான்சின் மோன்பெலியே ஊர்க்காரரான ஜெரோம் ரோட்டா என்ற இளைஞர், மைக்ரோசாஃப்டின் மென்பொருள் ஒன்றை மாற்றியமைத்து வெளியிட்ட டிவ்எக்ஸிலிருந்து கிளைத்தது. அதற்கென்று தனிச் சில்லு உள்ள பிளேயர்தான் அதை ஓட்டும். கம்ப்யூட்டரில் சில நுட்ப வசதிகளைச் சேர்த்துச் சுருக்கிவிட்டால் அந்தச் சில்லும் திணறும். பிறகு பென் டிரைவ் வந்தது, கைப்பேசி வந்தது. பிளேயர் பரண் ஏறியது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் தங்கை வீட்டுத் தரைத்தளம் முழுகியது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாணக் கேசட்டும், ஸ்டுடியோ கொடுத்த டிவிடியும் சேற்றோடு போயின. அப்பா நடக்கும் அந்த நான்கு நிமிடம் இன்றைக்கு மிச்சம் இருப்பது, நாங்கள் திருத்தி எழுதிய அந்தத் தகட்டிலும் அதன் நகல்களிலும் மட்டும்தான். சரிசெய்யாமல் விட்டிருந்தால் எங்கள் பேரப் பிள்ளைகள் பார்க்கும் கொள்ளுத் தாத்தா நடுங்கிக்கொண்டேதான் இருந்திருப்பார்.

ஆகவே, கேள்வி கேட்ட தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வீட்டுப்பாடம்:

1. தடங்கல் அதே இடத்திலா, இடம் மாறியா என்று முதலில் பாருங்கள். இன்னொரு பிளேயரிலும் போட்டுப் பாருங்கள்.

2. நல்ல தகடு, மெதுவான வேகம், ஸ்டிக்கர் வேண்டாம்.

3. படத்துக்கு 6 மெகாபிட் போதும். ஒலியைச் சுருக்குங்கள். நம் ஊர்க் கேமராவில் எடுத்ததை பால் முறையில், 25 படமாகவே வையுங்கள்.

4. நின்று நின்று ஓடாமல், அசைவது மட்டும் நடுங்கினால் ஃபீல்டு வரிசையை மாற்றுங்கள்.

5. மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். கோளாறு எல்லாம் நகலில்தான். மூலம் இருந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எழுதிய தகட்டின் சாயம் நாளாக ஆக மங்கும். இருபது வருடத் தகடு இன்றைக்கு ஓடுகிறது என்பதற்காக அடுத்த வருடமும் ஓடும் என்று இருந்துவிடாதீர்கள். பரணில் இருக்கும் கல்யாணத் தகடு, காதுகுத்துத் தகடு எல்லாவற்றையும் இந்த மாதமே ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒரு நகலை வேறொரு வீட்டில் வையுங்கள். அந்த வீடு மாடியில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பாலிடெக்னிக் பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். இதைப் படித்தால் அவனுக்கே தெரியும், யாரைச் சொல்கிறேன் என்று. தம்பி, அன்றைக்கு நீ காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். சேலையூருக்கு வா. காபி ஆறாமல் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்